திரைப்படத்தின் பாயிரம்

பாயிரம் இல்லாதது நூலாகாது என்பது நன்னூலார் கொள்கை. திரைப்படத்துக்கு அதன் முதற்காட்சியே பாயிரமாகும். வரப்போவது பக்திக் கதையா, சமூகக் கதையா, கொலைக் கதையா என்பதை அவையோருக்கு அறிவிப்பது அதுவே. தமிழ்ப் படங்களில் இம்முதற்காட்சி வளர்ந்த வரலாற்றைச் சுருங்கக் காண்போம். நாம் வாழும் வங்கத்தின் படங்களையும் உடன்வைத்து நோக்குவோம்.

1931இல் 'காளிதாஸ்' வெளிவந்த நாள்முதல் நமது பேசும்படம் நாடக மேடையின் மடியில் வளர்ந்த குழந்தை. மேடையிலே தெய்வ வாழ்த்து முதலில், கதை பின்னர். 1952ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வந்த 'பராசக்தி' இம்மரபை ஏற்றுக்கொண்டே மாற்றியது. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய அப்படத்தின் தொடக்கத்தில் ஒலிப்பது பாரதிதாசனார் பாடல். தெய்வ வாழ்த்துக்குரிய இடத்தில் திராவிட நாட்டு வாழ்த்து நின்றது. கலைஞர் கருணாநிதியின் அனல் பறக்கும் வசனத்துக்கு அதுவே கட்டியம் கூறிற்று.

1954இல் வந்த 'அந்த நாள்' வாழ்த்தையே விலக்கியது. எஸ். பாலசந்தர் இயக்கிய அப்படம் துப்பாக்கி வெடிச் சத்தத்தோடு தொடங்குகிறது. நாயகன் அப்போதே மாண்டு வீழ்கிறான். பாட்டும் இல்லை, நடனமும் இல்லை. கொன்றவர் யார் என்ற ஒரே வினா முழுப்படத்தையும் இழுத்துச் செல்கிறது.

ஏ. பி. நாகராஜனின் 'திருவிளையாடல்' (1965) மீண்டும் பழைய மரபைத் தழுவியது. கைலாயத்துக்கு நாரதர் கொணர்ந்த கனியால் முருகன் சினந்து பிரிகிறான். அவனைத் தணிக்க அன்னை உரைக்கும் கதைகளே படமாகின்றன. இம்மூன்று படங்களிலும் நடித்தவர் சிவாஜி கணேசன் ஒருவரே. ஆயினும் அவரை எக்கண்கொண்டு காண வேண்டும் என்று விதிப்பது முதற்காட்சி.

இனி வங்கத்துக்கு வருவோம். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யில் (1955) ஒரு சிறுமி அயலார் தோட்டத்தில் கொய்யாப்பழம் எடுக்கிறாள். தோட்டத்துக்காரி ஏசுகிறாள்; அவ்வேச்சு நீரெடுக்கும் தாயின் காதில் விழுகிறது. வறுமை என்ற சொல்லே இல்லாமல் வறுமை விளங்கிவிடுகிறது. அவருடைய 'பரஷ் பாதர்' (1958) நகைச்சுவைப் படம். டல்ஹவுசி சதுக்கத்தில் வேலை முடிந்து திரும்பும் குமாஸ்தாக்களின் கூட்டமே அதன் தொடக்கம். அக்கூட்டத்தில் நம்மவர் முகத்தையும் தேடத் தோன்றும். அதன் நாயகர் துளசி சக்கரவர்த்தி நமது ஹவுராவில் வாழ்ந்தவர்.

வங்கப்படமே கலை, தமிழ்ப்படம் வெறும் ஆரவாரம் என்று நம்மவருள் சிலர் கூறுவர். வங்கப்படம் தூக்கம் வரவழைப்பது என்பர் வேறு சிலர். இரண்டும் பொருந்தா. பாட்டைத் துறந்த 'அந்த நாள்' 'பதேர் பாஞ்சாலி'க்கு ஓராண்டு முந்தியது. 1964இல் நாம் கொண்டாடிய 'புதிய பறவை'யோ 1963ஆம் ஆண்டின் 'சேஷ் அங்கோ' என்னும் வங்கப் படத்தின் வழிவந்தது. கொடுப்பதும் கொள்வதும் கலையின் இயல்பு.

நம் பிள்ளைகள் வங்கமொழியைத் தெருவிலும் பள்ளியிலும் தாமே கற்கின்றனர். தமிழை நாம்தான் ஊட்ட வேண்டும். ஆகவே இருமொழிப் படங்களையும் அவர்களோடு அமர்ந்து முதற்காட்சி முதலே காண்போமாக. பாயிரத்தைத் தவறவிட்டவருக்கு நூலின் பொருள் முழுதும் விளங்குவதில்லை.