தெர்மோஸ்டாட்டைக் கழற்றிய ஊர்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

விஸ்வநத்தத்தில் ஒரு வண்டியின் ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று சொன்னால் சிரிப்பார்கள். பங்குனி பிறந்துவிட்டால் ஃபேன் காற்றே அனலாக அடிக்கும் ஊர் இது. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். மறு ஆண்டு சிவகாசியில் தொடங்கிய அந்தத் தொழில் இங்கே வேர் பிடித்ததற்கு வறண்ட காற்றும் ஒரு காரணம். குச்சியும் மருந்தும் ஈரமில்லாமல் காய வேண்டுமே. இப்படிப்பட்ட ஊர் வண்டிக்கு ஹீட்டர் எதற்கு?

காலண்டருக்காகத்தான். ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் புது ஆண்டுக் காலண்டர் மாதிரிகளை வெளியிடுவார்கள். அன்று பிடிக்கிற ஆர்டர் அச்சாகி, கட்டாகி, மார்கழியில் கடைசி லோடு ஏறும். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன் சொந்தமாகப் பிக்கப் ஓட்டுகிறான். கொடைக்கானலுக்குக் காலண்டர் லோடு அவனுடையது. விடியற்காலை மலையேறும்போது கண்ணாடியில் உள்பக்கமாக மூச்சின் ஈரம் படிந்து மறைத்துவிடுகிறது. ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் துணி. வத்தலக்குண்டு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் இது விளையாட்டா?

நானும் அவனும் பானெட்டைத் திறந்து பார்த்ததைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் வரலாறு. வாத்தியார் புத்தி, விடாது.

ஹீட்டர் என்பது தனியாக நெருப்பு மூட்டும் கருவி அல்ல. எஞ்சின் வேண்டாம் என்று தள்ளுகிற சூட்டைத் திருப்பி வாங்குவது, அவ்வளவுதான். இங்கிலாந்து ரயில் பயணிகள் ஒரு காலத்தில் வெந்நீர் அடைத்த தகரக் குப்பியைக் காலடியில் வைத்துக்கொண்டு போனார்கள். மோட்டார் வந்த பிறகு, ஃபோர்டு மாடல் டி காலத்தில், புகைக்குழாயைச் சுற்றித் தகரம் கட்டி அந்தச் சூட்டை உள்ளே விட்டார்கள். குழாயில் ஒரு சின்ன ஓட்டை விழுந்தால் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து உள்ளே வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதனால்தான் எஞ்சினைச் சுற்றிவரும் வெந்நீரையே குட்டி ரேடியேட்டர் ஒன்றில் ஓடவிட்டு, அதன்மேல் காற்றை ஊதும் முறை வந்தது. 1938-இல் அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் வெளிக்காற்றை இழுத்து வடிகட்டி, இப்படிச் சூடாக்கி உள்ளே அனுப்பியது. இன்றைய பிக்கப் வரைக்கும் அடிப்படை அதுதான்.

இந்த முறைக்குத் தண்ணீர் சூடாக இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது தெர்மோஸ்டாட். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டருக்குப் போகிற வழியை அடைத்துவைக்கும். 80 டிகிரியைத் தாண்டியதும் திறக்கும். உள்ளே இருப்பது மெழுகு. சூட்டில் உருகி விரிந்து வால்வைத் தள்ளுகிறது. செர்ஜியஸ் வெர்னே என்பவர் 1930-களில் செய்தது. அதற்கு முன்பு ஆல்கஹால் அடைத்த துருத்தி இருந்தது.

இப்போது நம் ஊர் வரலாற்றுக்கு வருகிறேன். இதை யாரும் எழுதிவைக்கவில்லை. நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் உப்பு. குடத்தில் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றுவோம். வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளை படிகிற மாதிரி உள்ளே படியும். வழி அடைபடும், வண்டி கொதிக்கும். சித்திரை வெயிலில் சாத்தூர் ரோட்டில் ஆவி கக்கிக்கொண்டு நிற்கும் வண்டிக்கு வைத்தியம் என்ன? “தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறி, சரியாகிவிடும்.” அப்பனிடம் கேட்டதை மகன் செய்தான், அவனிடம் கேட்டதை இவன் செய்தான். கொதிப்பு கொஞ்சம் அடங்கும், உண்மைதான். ஆனால் நோய் உப்பில் இருந்தது. வைத்தியம் வால்வுக்கு நடந்தது. எஞ்சின் எப்போதும் பாதிச் சூட்டில் ஓடும், டீசல் கூடுதலாகக் குடிக்கும். அதைக் கணக்குப் பார்க்க ஆளில்லை.

பையன் வண்டியிலும் அதே கதை. ஊதுவிசிறி நன்றாகச் சுற்றியது, காற்றுதான் பச்சைத் தண்ணீராக வந்தது. அரை மணி ஓட்டியும் டெம்பரேச்சர் முள் அடியை விட்டு எழும்பவில்லை. முள் எழாவிட்டால் முதல் சந்தேகம் தெர்மோஸ்டாட் மேல். எஞ்சினை ஆறவிட்டுக் கழற்றிப் பார்த்தால் கூடு காலி.

அடுத்தது ஹீட்டருக்குப் போகிற இரண்டு ஹோஸ்கள். வண்டி சூடான பின் தொட்டால் இரண்டும் சுட வேண்டும். ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்தால் உள்ளே அடைப்பு, அல்லது வால்வு திறக்கவில்லை. இரண்டும் சுட்டும் காற்று குளிர்ந்தால் காற்றைத் திருப்பும் கதவிலோ கேபிளிலோ கோளாறு. இங்கே தொடவே வழியில்லை. முன்பு ஏதோ ஒரு பட்டறையில் ஹீட்டரை ஒதுக்கிவிட்டு, எஞ்சினின் இரண்டு வாயையும் ஒரே ஹோஸால் இணைத்திருந்தார்கள். ஹீட்டர் குழாயில் துணி அடைத்திருந்தது!

துணியை எடுத்து, தண்ணீர் வழக்கமாக வெளியேறும் பக்கத்திலிருந்து மெதுவாகத் தண்ணீர் விட்டோம். முதலில் சொட்டுச் சொட்டாக வந்தது. பிறகு செம்மண் நிறத்தில் குழம்பு, அதோடு வெள்ளைச் செதில். தெளிந்த நீர் வர ஒரு மணி நேரம் ஆனது. ரேடியேட்டரையும் கழற்றிக் கழுவக் கொடுத்தான். புது தெர்மோஸ்டாட், புது கேஸ்கெட், புது ஹோஸ். கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. முன்பக்கத்தை மேட்டில் ஏற்றி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்துவைத்து, உள்ளே சிக்கிய காற்றுக்குமிழி போகும்வரை எஞ்சினை ஓடவிட்டோம். மொத்தச் செலவு ஒரு தடவை டேங்க் நிரப்பும் காசுகூட இல்லை.

வண்டி கொதித்தால் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டு ஓரங்கட்டுவதும் ஒரு முதலுதவி. ஹீட்டர் இரண்டாவது ரேடியேட்டராக வேலை செய்யும். ஹீட்டரை ஒதுக்கிய வண்டியில் அதுவும் போச்சு.

1.10.2025 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களில் ஓட்டுநர் அறைக்கு ஏ.சி. கட்டாயம். நல்ல விஷயம். பிக்கப்காரர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. மலையில் குளிர் தாங்காமல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கேபினுக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்க நினைப்பவர்கள் உண்டு. நான் மேலே சொன்ன அதே விஷவாயுதான் அங்கேயும் வரும். அதுவும் முதுகுக்குப் பின்னால் தீப்பெட்டிப் பண்டல் இருக்கிற ஊர்க்காரர்கள் நாம்.

போன வாரம் பையன் லோடு இறக்கிவிட்டு வந்தான். “சார், பெருமாள்மலை தாண்டியும் கண்ணாடி பளிச்சுன்னு இருந்துச்சு. இறங்கி வத்தலக்குண்டு வந்தப்புறம் ஹீட்டரை அணைக்க மறந்துட்டேன். சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சிருச்சு” என்றான்.