கிளெஸ்மரும் போல்காவும்

கிளெஸ்மர், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கல்யாண இசை. மணமகளை நாற்காலியில் அமர்த்தி நடத்தும் சடங்கில் வயலின் தேம்பி அழும். 19ஆம் நூற்றாண்டில் கிளாரினெட்டும் சேர்ந்தது. கிளெஸ்மரின் முக்கிய சுர வரிசை ஒன்று நம் வகுளாபரண ராகத்தை ஒத்தது.

போல்கா, 1830களில் இன்றைய செக் நாட்டின் பொஹீமியாவில் பிறந்த ஜோடி நடனம். துள்ளும் இரண்டெண்ணிக்கைத் தாளமே அதன் உயிர். 1840களில் பாரிஸை ஆட்டிவைத்தது. அக்கார்டியன் பிற்பாடு வந்தது.

யூதரல்லாதார் விருந்துகளில் கிளெஸ்மர் கலைஞர்கள் போல்காவும் வாசித்தனர். குடியேறிகளுடன் இரண்டும் அமெரிக்கா சென்றன: கிளெஸ்மருக்கு நியூயார்க்கில் டேவ் டாராஸ், போல்காவுக்குக் கிளீவ்லாந்தில் ஃபிராங்கி யாங்கோவிக் எனக் கலைஞர்கள் பெயர்பெற்றனர். நாஜிப் படுகொலையால் தாயகத்தில் ஒடுங்கிய கிளெஸ்மரை, 1970களில் பழைய இசைத்தட்டுகளைக் கேட்டுப் பயின்ற இளைஞர்கள் மீட்டெடுத்தனர்.