தோட்டம் மாறும் உரிமை

சென்ற மாதம் நாம் தோட்ட ஆபீசில் செக்ரோல் எழுதிக்கொண்டிருக்கையில், லொம்பொக் தீவிலிருந்து வந்து செம்பனைக் குலை வெட்டும் இளைஞரொருவர் உள்ளே வந்தார். ஆற்றுக்கு அப்பாலுள்ள தோட்டத்தில் தம் தமையன் வேலை செய்வதாகவும், தாமும் அங்கு மாறிக்கொள்ள வழியுண்டோ என்றும் வினவினார். அவருடைய பர்மிட்டை எடுத்துப் பார்த்தோம். அதில் ஒரு முதலாளி, ஒரு தொழில். அவ்விரண்டையும் விட்டால் இந்நாட்டில் அவர் நிற்க இடமில்லை. இயலாது என்று சொல்லியனுப்பினோம். அனுப்பிய பின்னரே, நம் கொள்ளுப்பாட்டனார் 1920களில் இதே ஆற்றைக் கடந்து தோட்டம் மாறியவர் என்பது நினைவுக்கு வந்தது. அவர் சென்றது எங்ஙனம்? இவர் செல்ல இயலாதது ஏன்?

நம்மவர் மலாயாவிற்குத் திரளாக வந்தது முதலில் கரும்புத் தோட்டங்களுக்கு. புரோவின்ஸ் வெல்லெஸ்லி என்று அந்நாளில் வழங்கிய செபராங் பிறையில், ஒப்பந்தத்திற் கைநாட்டு வைத்த கூலிகளாக அவர்கள் உழைத்தனர். கப்பற்கூலியைத் தோட்டத் துரை கொடுத்தார். அப்பணம் கழியும்வரை ஆளும் அவருக்கே உரியவன். வேறெந்த ஒப்பந்தத்தை மீறினாலும் நஷ்டஈடுதான் கேட்பர். கூலி மீறினாலோ சிறை! இந்த முறையில் ஆள் சேர்ப்பது 1910ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது.

அதற்குள் ரப்பர் வந்துவிட்டது. ஆட்கள் போதவில்லை. ஒரு துரை பணம் செலவிட்டு ஊரிலிருந்து ஆள் வருவிப்பார். பக்கத்துத் தோட்டத்தார் கங்காணி கையில் சில வெள்ளிகளை அழுத்தி, அந்தக் கூட்டத்தையே இரவோடிரவாக இழுத்துக்கொள்வார். செலவு ஒருவருக்கு, லாபம் மற்றொருவருக்கு. இந்தத் தொல்லையைத் தீர்க்க 1907இல் ஏற்பட்டதே இந்தியர் குடியேற்ற நிதி. இந்தியக் கூலிகளை வைத்து வேலை வாங்கும் முதலாளிகள் யாவரும், அவர்களைக் கொண்டு செய்வித்த வேலைக்கேற்ப அந்நிதிக்கு வரி செலுத்த வேண்டும். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம் நடத்துவதும், கப்பற்கூலி கொடுப்பதும் அப்பொது நிதியின் பொறுப்பாயின.

இதன் விளைவை நோக்குமின். கப்பற்கூலியைக் கொடுத்தது எல்லா முதலாளிகளுமாயின், "உன்னை வருவித்தவன் நான்" என்று எந்த ஒரு துரையும் உரிமை பேச இயலாது. சட்டத்தின் கண்ணில் கூலி கடனின்றிக் கரையிறங்கினான். ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து விலகலாம் என்னும் விதி அவனுக்குப் பயன்பட்டது. 1923ஆம் ஆண்டுத் தொழிற்சட்டமும் அதனை உறுதி செய்தது. துரைமார் ஒருவரையொருவர் நம்பாமையாற் கிடைத்த நன்மை இது. அவர்தம் தயவால் வந்ததென்று எவரும் மயங்கவேண்டாம்.

நம்மவர் அதனால் முழு விடுதலை பெற்றார்கள் என்றும் நாம் கூறவில்லை. வேலைக்கிறங்கும் ஒவ்வோர் ஆளுக்கும் தலைக்காசு வாங்கிய கங்காணி, தன் ஆளை எளிதில் விடுவானா? அவனிடம் பட்ட கடனும், உறவும், சாதியும் சட்டத்தினும் வலிய கயிறுகளாயிருந்தன. இலங்கையில் நிலைமை இன்னும் கேடு. அங்கே கடன் தொகை குறித்த 'துண்டு' என்னும் சீட்டில்லாமல் ஆள் தோட்டம் மாற முடியாது. புதிய துரை கடனைத் தீர்த்து ஆட்களை எடுத்துக்கொள்வார். அத்துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. மலாயாவிலோ 1930இல் ரப்பர் விலை வீழ்ந்தபோது மாறிச் செல்ல வேறு தோட்டமே இல்லை. லட்சத்துக்கு மேற்பட்டோர் கப்பலேற்றப்பட்டனர். எனினும், வேலை இருந்த காலத்தில் கொள்ளுப்பாட்டனார் நோட்டீஸ் கொடுத்தார். மாதம் முடிந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு நடந்தார்.

அந்த நடையை நிறுத்தியது வேறொரு சட்டம். 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யப் பர்மிட் வேண்டும் என்றாயிற்று. 1969க்குப் பின் அது கண்டிப்பாக நடைமுறைக்கு வரவே, தோட்டங்களிலேயே வாழ்நாளைக் கழித்த நம்மவரில் சுமார் 60,000 பேர் இந்தியா திரும்பினர் என்பர். குடியுரிமைப் பத்திரத்தை நாளை எழுதிப் போடலாம் என்றிருந்தவர்கள் அவர்களிற் பலர். காகிதத்தின் மதிப்பை ஆபீஸ் கிராணியும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை என்பதை, அவ்வர்க்கத்தைச் சேர்ந்த நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்று சிங்கப்பூரில் கட்டட வேலை செய்யும் தஞ்சை, திருச்சி இளைஞரின் நிலை யாது? அவர் பர்மிட்டிலும் முதலாளியின் பெயருண்டு. மலேசியரல்லாத ஒவ்வொரு பர்மிட் தொழிலாளிக்கும் முதலாளி 5,000 வெள்ளி பிணை கட்டவேண்டும். கட்டடத் தொழிலாளி, முதலாளியின் சம்மதமின்றி வேறிடம் மாறுவதற்குப் பர்மிட் முடிய 40 நாள் முதல் 21 நாள் வரையுள்ள இடைவெளி வைத்திருக்கிறார்கள். அதற்குள் புதிய முதலாளியைத் தேடிக்கொள்ள வேண்டும். பர்மிட்டை விட்டு 2004இல் வந்த எஸ் பாஸுக்கு உயர விரும்பினாலும், விண்ணப்பிப்பவர் முதலாளியே, தொழிலாளி அன்று. பழைய துரை கப்பற்கூலி கொடுத்தார்; அதைக் காட்டி ஆளைக் கட்டினார். இன்றோ பலர் தாயின் நகையை அடகு வைத்து ஏஜெண்டுக்குத் தாமே பணங்கட்டி வருகின்றனர். வந்த பின்னும் கட்டுண்டே கிடக்கின்றனர். நம் தோட்டத்திலும் இது கேள்விப்படாத கதையன்று.

மறுநாட் காலை பெரட்டு முடிந்ததும் அந்த லொம்பொக் இளைஞர் மீண்டும் ஆபீஸ் வாசலில் நின்றார். தாம் அங்கு போக முடியாதெனில், தமையனையாவது இங்கு வரச்சொல்லலாமா என்று கேட்டார். தமையனுடைய பர்மிட்டின் நகல் அவர் கைப்பேசியிலேயே இருந்தது. வாங்கிப் பார்த்தோம். அதிலும் ஒரு முதலாளி, ஒரு தொழில்.