எலுமிச்சை இனப் பழங்கள்: தமிழக வகைகளும் வகைப்பாடும்

எலுமிச்சை, நார்த்தை, கிடாரங்காய், கிச்சிலி, சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு, பம்பளிமாசு ஆகியவை சிட்ரஸ் என்னும் ஒரே பேரினத்தில் அடங்கும். சுளைகள், எண்ணெய்ப் புள்ளிகள் கொண்ட தோல், மணமுள்ள இலை ஆகியவை இவற்றுக்குப் பொது. நார்த்தையின் தோல் தடித்தது, சாறு குறைவு. சுருள் சுருளாக நறுக்கி உப்படைத்துக் காயவைக்க அது ஏற்றதாக இருப்பது இதனால்தான். எலுமிச்சையின் தோல் மெல்லியது. கமலாவின் தோல் கையோடு கழன்றுவரும். சாத்துக்குடியின் தோல் சுளையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பம்பளிமாசின் இலைக்காம்பில் அகன்ற சிறகு உண்டு, நார்த்தைக்கு இல்லை. காய்க்காத மரத்தையும் இதைக்கொண்டு இனங்காணலாம்.

பழைய இலக்கியச் சான்று சொற்பம். குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் வரும் நரந்தத்தை நார்த்தை என்று கொள்வாரும் உளர். மணப்புல் என்பாரும் உளர்.

லின்னேயஸ் 1753இல் இரண்டே இனங்களை ஏற்றார். நார்த்தையும் பெரிய எலுமிச்சையும் ஒன்றில் சேர்ந்தன. ஆரஞ்சும் பம்பளிமாசும் மற்றொன்றில் சேர்ந்தன. 1875இல் வெளிவந்த ஹூக்கரின் இந்தியத் தாவர நூல், நம் எலுமிச்சையையும் நார்த்தையின் வகையாகவே வைத்தது.

இத்துறையில் மிகவும் விரிவான பதிவு மருத்துவர் இம்மானுவேல் பொனாவியாவுடையது. மால்டாவில் பிறந்து இந்திய மருத்துவப் பணியில் இருந்த அவர், இந்தியாவிலும் இலங்கையிலும் பயிராகும் ஆரஞ்சு, எலுமிச்சை வகைகளைப் பற்றி 1888இல் ஒரு நூல் வெளியிட்டார். உடன் ஒரு படத்தொகுதியும் வந்தது. பழத்தின் புறவடிவம், குறுக்குவெட்டு, இலை ஆகியவற்றைக் கோட்டுருவங்களாகத் தந்தார். ஜம்பேரி, துருஞ்சு, சதாபல், கட்டா என நாட்டு வழக்குப் பெயர்களையே தலைப்புகளாகக் கொண்டார். சந்தைக்காரர் பிரித்தறிந்ததை லத்தீன் பெயருக்குள் அடைக்க அவர் அவசரப்படவில்லை. ஒரே பெயரில் விற்கப்படும் பழங்கள் காம்புப் பக்கத்திலும் நுனியிலும் எவ்வளவு மாறுகின்றன என்பதை அப்படங்களில் இன்றும் காணலாம். அவர் பணியாற்றியது லக்னோ, எட்டாவா பகுதிகளில். ஆகவே வட இந்திய வகைகளுக்குக் கிடைத்த இடம் தமிழக வகைகளுக்குக் கிடைக்கவில்லை.

அக்குறையை ஓரளவு ஈடுசெய்தவர் சென்னை மாகாண வனத்துறையின் லஷிங்டன். 1910இல் 'இந்தியன் ஃபாரஸ்டர்' இதழில் அவர் எழுதிய நீண்ட கட்டுரையில் தோன்றிய சில பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன.

பின்னர் தாவரவியலாளர் ஸ்விங்கிள் 16 இனங்களே போதும் என்றார் (1943). ஜப்பானியரான தனாகா 150க்கும் மேற்பட்டவற்றை ஏற்றார். சென்னையின் பெயரைத் தாங்கிய சிட்ரஸ் மதராஸ்பட்டானா தனாகாவின் பட்டியலைச் சேர்ந்தது. நம் கிச்சிலிதான் அது. அது தனி இனமா, கலப்பினமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கிடாரங்காயும் நூலுக்கு நூல் இடம் மாறுகிறது.

நார்த்தை, பம்பளிமாசு, கமலா மூன்றுமே பயிர்வகைகளுக்கு மூலம் என்ற கருத்து 1970களில் எழுந்தது. மரபணு ஆய்வுகள் அதைப் பெரிதும் ஆதரித்தன. எலுமிச்சைக்கு நார்த்தை ஒரு பெற்றோர் என்றும், மற்றது பிலிப்பைன்ஸைச் சேர்ந்த ஒரு காட்டினம் என்றும் இப்போது கருதப்படுகிறது. ஹூக்கர் பாதி சரி எனலாம். எலுமிச்சையின் ஒரு விதையிலிருந்து பல நாற்றுகள் முளைக்கும்; அவற்றுள் பெரும்பாலானவை தாய்மரத்தின் நகல்கள். கலப்பாய்த் தோன்றியும் விதைவழியே அதன் குணம் மாறாதிருப்பதற்கு இதுவே காரணம். நார்த்தை நாற்றுகளிடம் அந்த உறுதி இல்லை.

சாத்துக்குடி, வேலூர் மாவட்டம் பேர்ணாம்பட்டை அடுத்த சாத்கர் என்னும் ஊரால் பெயர் பெற்றது என்பது பரவலான கருத்து. அதன் சாகுபடி ஆய்வு பெரும்பாலும் அன்றைய சென்னை மாகாணத்தின் கோடூர் பழ ஆராய்ச்சி நிலையத்தில் நடந்தது. கே. சி. நாயக்கின் தென்னிந்தியப் பழங்கள் பற்றிய நூல் (1949) அக்காலத்தது.

சென்னையின் மேற்குப் புறநகரில் எலுமிச்சைக்குப் பெரிய தேவை வழிபாட்டில் எழுகிறது. மாங்காடு காமாட்சி அம்மன் கோயிலில் வேண்டுதல் உள்ளோர் ஆறு வாரம் தொடர்ந்து எலுமிச்சம்பழத்தோடு வருவர். அங்கே பார்க்கப்படுவது வகை அல்ல, வடு இல்லாத தோல். கோயம்பேடு சந்தைக்கு ஆந்திரத்தின் கூடூர்ப் பகுதியிலிருந்தும், தென்காசி மாவட்டத்துப் புளியங்குடிப் பகுதியிலிருந்தும் எலுமிச்சை வருகிறது.

கீழ்ப்பழனி மலையின் கமலாத் தோட்டங்கள் நோயால் நலிந்தன. பெரியகுளத்தில் கடையம் வகையிலிருந்து பி.கே.எம். 1 எலுமிச்சை தேர்ந்தெடுக்கப்பட்டது. புளியங்குடி எலுமிச்சை அண்மையில் புவிசார் குறியீடு பெற்றது.