கோப்பறைச் சாவி யாரிடம்? அமெரிக்கப் பள்ளிகளில் மாணவர் தரவும் பெற்றோர் உரிமையும்

மதிப்பெண்ணையும் வருகையையும் மட்டும் குறித்துவந்த அமெரிக்கப் பள்ளிகள், 1920களில் உளவியல் சோதனைகளும் வழிகாட்டல் ஆலோசகர்களும் வகுப்பறைக்குள் வந்த பிறகு, மாணவரின் குணத்தையும் குடும்பத்தையும் சேர்த்து எழுதத் தொடங்கின. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு திரள் பதிவேடு உருவாயிற்று. அறிவுத்திறன் சோதனை முடிவு, உடல்நலக் குறிப்பு, ஆசிரியரின் அபிப்பிராயம் எல்லாம் அதில் ஏறின. குழந்தை வகுப்பு மாறினாலும் பள்ளி மாறினாலும் அந்தக் கோப்பும் உடன் சென்றது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டா என்ற கேள்வி நெடுங்காலம் எழவே இல்லை.

1961இல் நியூயார்க் மாநிலத்தில் அது நீதிமன்றம் ஏறியது. மகனுக்கு உளவியல் சிகிச்சை தேவை என்று பள்ளி ஒரு தந்தையிடம் சொன்னது. எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று அவர் பதிவேட்டைக் கேட்டபோது காட்ட மறுத்தது. வான் ஆலன் எதிர் மெக்லியரி எனப்படும் அந்த வழக்கில், பெற்றோர் தம் பிள்ளையின் பதிவைப் பார்க்க உரிமை உள்ளவர்கள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அது ஒரு மாநிலத்தின் கீழ்நிலை நீதிமன்றத் தீர்ப்பு. மற்ற இடங்களில் நிலைமை மாறவில்லை. பெற்றோருக்கு மறுக்கப்பட்ட கோப்பு, காவல் துறையினர் வந்து கேட்டால் திறக்கப்பட்டது. ரஸ்ஸல் சேஜ் அறக்கட்டளை 1970இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும், டயான் டிவோக்கி என்ற பத்திரிகையாளர் அடுத்த சில ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளும் இந்த முரணைத்தான் பொதுவெளிக்குக் கொண்டுவந்தன.

இந்த வரலாற்றில் நான் மிக முக்கியமாகக் கருதுவது 1973இன் மெரிகன் எதிர் கிரெஸ்மன் வழக்கு. பென்சில்வேனியாவின் நாரிஸ்டவுன் பகுதிப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் ஒரு வினாத்தாள் கொடுக்கத் திட்டமிட்டார்கள். பின்னாளில் போதைப்பொருளுக்கு அடிமையாகக் கூடியவர்களை முன்கூட்டியே இனங்காண்பது நோக்கம். சிறுவயதில் பெற்றோர் உன்னை அணைத்து முத்தமிட்டார்களா என்பது போன்ற கேள்விகள் அதில் இருந்தன. மறுப்புத் தெரிவிக்காத பெற்றோரெல்லாம் சம்மதித்ததாகக் கொள்வது என்பது முதல் ஏற்பாடு. ஒரு தாய் வழக்குத் தொடுத்த பின்னரே எழுத்துபூர்வச் சம்மதம் கேட்கப்பட்டது. பெற்றோருக்குப் போன கடிதம் திட்டத்தின் நன்மைகளை மட்டும் பேசுகிறது, ஆபத்துகளைச் சொல்லவில்லை என்று கண்ட நீதிபதி, திட்டத்துக்குத் தடை விதித்தார். போதைக்கு ஆளாவான் என்று முத்திரை குத்தப்பட்ட சிறுவன் அந்த முத்திரையாலேயே அப்படி ஆகிவிடலாம் என்ற அச்சமும் தீர்ப்பில் உண்டு. மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளக் கூடாது, விவரம் அறியாமல் கொடுத்த சம்மதமும் சம்மதமல்ல என்ற இரண்டு பாடங்களை இவ்வழக்கு விட்டுச்சென்றது. பின்னால் வந்த சட்டங்கள் இரண்டையுமே முழுமையாகக் கற்கவில்லை.

மறு ஆண்டே கூட்டரசுச் சட்டம் வந்தது. நியூயார்க் செனட்டர் ஜேம்ஸ் பக்லி, கல்வித் திருத்தச் சட்ட விவாதத்தின்போது அவையிலேயே இதை ஒரு திருத்தமாக முன்வைத்தார். குழு விசாரணை எதுவும் நடக்கவில்லை. 1974 ஆகஸ்ட் 21 அன்று அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்டார். ஃபெர்பா என்று சுருக்கமாக வழங்கும் இச்சட்டப்படி, பெற்றோர் கேட்ட 45 நாட்களுக்குள் பள்ளி பதிவைக் காட்ட வேண்டும். தவறான பதிவைத் திருத்தக் கோரலாம். எழுத்துபூர்வச் சம்மதமின்றி வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது. மாணவருக்கு 18 வயதானாலோ உயர்கல்விக்குள் நுழைந்தாலோ இவ்வுரிமைகள் அவருக்கே போய்விடும்.

பூட்டிய அலமாரியைத் திறந்துவைத்தது இச்சட்டத்தின் பெரும் சாதனை. அதைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆயினும் பெயர், முகவரி, தொலைபேசி எண் முதலியவற்றை ‘விவரப் பட்டியல் தகவல்’ என்று தனியே பிரித்து, பெற்றோர் மறுக்காதவரை வெளியிடலாம் என்றது. நாரிஸ்டவுனில் வழக்குக்குப் பின் கைவிடப்பட்ட மௌனச் சம்மதம் சட்டத்துக்குள்ளேயே இடம்பிடித்தது. 2002 ஜனவரியில் கையெழுத்தான ‘எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது’ சட்டம் இராணுவ ஆள்சேர்ப்பு அதிகாரிகளுக்கு உயர்நிலைப் பள்ளி மாணவர் விவரங்களைக் கொடுக்கச் சொன்னபோதும், பெற்றோர் மறுத்தால் மட்டுமே விலக்கு என்ற அதே முறையைக் கையாண்டது.

மீறினால் என்ன தண்டனை? கூட்டரசு நிதி நிறுத்தப்படும் என்கிறது சட்டம். சட்டம் வந்து 40 ஆண்டுகள் கடந்தும் ஒரு பள்ளிகூட இதற்காக நிதியை இழக்கவில்லை. 2002இல் கொன்சாகா பல்கலைக்கழக வழக்கில், தன்னைப் பற்றிய குற்றச்சாட்டைப் பல்கலைக்கழகம் மாநில அலுவலரிடம் சொல்லிவிட்டது என்று ஒரு மாணவர் வழக்காடினார். கீழ்நீதிமன்றத்தில் ஜூரிகள் அவருக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு அளித்திருந்தனர். உச்ச நீதிமன்றமோ, ஃபெர்பாவைக் காட்டித் தனிநபர் வழக்குத் தொடர முடியாது என்று 7–2 பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. கல்வித் துறைக்கு மனு எழுதுவதே மிஞ்சிய வழி. அத்துறையில் மனுக்கள் ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடப்பதை அதன் தலைமை ஆய்வாளரே 2018இல் சுட்டிக்காட்டினார்.

இதற்கிடையே கோப்பு அலமாரியை விட்டு வெளியேறிவிட்டது. பள்ளி தன் பணியை ஒப்படைக்கும் நிறுவனத்தையும் ‘பள்ளி அலுவலர்’ என்ற வரையறைக்குள் கொண்டுவர 2008இன் விதித்திருத்தம் வழிசெய்தது. அதற்குப் பெற்றோரின் மௌனம்கூடத் தேவையில்லை. 2013இல் ஃபோர்டம் சட்டப் பள்ளி ஆய்வாளர்கள் பள்ளி மாவட்டங்களின் ஒப்பந்தங்களை வாங்கிப் படித்தனர். 95 விழுக்காடு மாவட்டங்கள் கிளவுட் சேவைகளை நம்பியிருந்தன. பெற்றோருக்குத் தெரிவித்தவை 25 விழுக்காடு மட்டுமே. மாணவர் தகவலை விற்பதையோ சந்தைப்படுத்துவதையோ கட்டுப்படுத்திய ஒப்பந்தங்கள் 7 விழுக்காட்டுக்கும் குறைவு.

அதே ஆண்டு இன்ப்ளூம் வந்தது. கேட்ஸ், கார்னகி அறக்கட்டளைகளின் ஏறத்தாழ 10 கோடி டாலரில் பல மாநில மாணவர் தரவை ஒரே இடத்தில் சேர்க்கும் திட்டம் அது. 400க்கு மேற்பட்ட தரவு வகைகளை ஏற்கும்படி வடிவமைத்திருந்தார்கள். நியூயார்க்கில் லியோனி ஹேம்சன் போன்ற செயற்பாட்டாளர்கள் பெற்றோரைத் திரட்டினர். மாநிலங்கள் ஒவ்வொன்றாக விலகின. நியூயார்க் சட்டமன்றம் 2014இல் கதவடைத்தது. ஏப்ரலில் நிறுவனமே மூடப்பட்டது. கூட்டரசுச் சட்டத்தால் முடியாததைத் தாய் தந்தையர் கூட்டங்களில் எழுந்து நின்று கேள்வி கேட்டே சாதித்தார்கள். அவ்வாண்டே நியூயார்க் பெற்றோர் உரிமைச் சாசனத்தை இயற்றியது. கலிஃபோர்னியா, மாணவர் தகவலை விற்பதற்கும் அதைக்கொண்டு குறிவைத்து விளம்பரம் செய்வதற்கும் தடை விதித்தது.

2024 டிசம்பரில், பள்ளிகளுக்கு மாணவர் பதிவு மென்பொருள் வழங்கும் பவர்ஸ்கூல் நிறுவனத்தின் உதவித் தளத்துக்குள் திருட்டுக் கடவுச்சொல்லோடு நுழைந்தவர்கள், கோடிக்கணக்கான மாணவர்களின் பதிவுகளை அள்ளிச் சென்றனர். நிறுவனம் பணயத்தொகை கொடுத்தது. அதன் பின்னும் 2025இல் பள்ளி மாவட்டங்களுக்கு மிரட்டல்கள் வந்தன. சில மாவட்டங்களில் எப்போதோ படித்து முடித்தவர்களின் விவரங்களும் பறிபோயின. அவற்றை ஏன் அத்தனை காலம் வைத்திருந்தீர்கள் என்று ஃபெர்பாவின் பேரில் வழக்குத் தொடுக்க ஒரு பெற்றோராலும் இயலாது. 1974இன் சட்டத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் முதலில் சேர்க்க வேண்டியது அந்த வழக்குரிமைதான். தேவை முடிந்த பதிவை அழிக்கும் காலக்கெடு அதற்கு அடுத்தது.