பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு மொழி: ஒரு வரலாற்று நோக்கு

பிரெஞ்சு மொழியையும் இலக்கியத்தையும் பல்கலைக்கழகத்திலே பயிலுதல் இன்று எவருக்கும் வியப்பூட்டும் செய்தியன்று. உலகின் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அதற்கென ஓர் இடமுண்டு. ஆயின், அம்மொழி தன் சொந்த நாட்டின் உயர்கல்விக் கூடத்தினுள் புகுவதற்குப் பல நூற்றாண்டுகள் வாயிலிலே காத்து நின்றது என்பதைப் பலர் அறியார். உள்ளே புகுந்த பின்னர் அதுவே பிற மொழிகளுக்கு வாயிலை அடைத்தது. இவ்விரு உண்மைகளையும் சேர்த்து நோக்கினாலன்றி, பிரெஞ்சுக் கல்வியின் வரலாறு நமக்குத் தெளிவாகாது.

பாரிஸ் நகரிலே சேன் நதியின் இடக்கரையிலுள்ள ஒரு பகுதி இன்றும் இலத்தீன் வட்டாரம் என வழங்குகிறது. 13ஆம் நூற்றாண்டில் அங்கு வளர்ந்த பல்கலைக்கழகத்தில் விரிவுரை, வாதம், பரீட்சை யாவும் இலத்தீனிலேயே நிகழ்ந்தன. கடைவீதியிலே வணிகனும் தச்சனும் பேசிய பிரெஞ்சு, அறிவை ஏந்தும் தகுதியற்றது என்று கருதப்பட்டது. இலத்தீன் வெறும் மொழியாக மட்டும் நிற்கவில்லை. அறிவைத் திருச்சபையின் உடைமையாக வைத்திருந்த வேலியாகவும் அது விளங்கிற்று.

அவ்வேலியை முதலில் அசைத்தவர்கள் பண்டிதர்கள் அல்லர். வணிகத்தின் வளர்ச்சியும், அச்சியந்திரத்தின் வருகையும், மைய அரசின் எழுச்சியுமே அதனை அசைத்தன. 1539ஆம் ஆண்டில் முதலாம் பிரான்சுவா மன்னன் வில்லேர்-கொத்தெரே என்னுமிடத்தில் பிறப்பித்த ஆணை, நீதிமன்ற ஆவணங்கள் இலத்தீனிலன்றிப் பிரெஞ்சிலேயே எழுதப்படவேண்டும் என விதித்தது. பத்தாண்டுகளின் பின், 1549இல், கவிஞர் ஜோவாக்கிம் து பெல்லே தம் தாய்மொழியின் தகுதியை நிலைநாட்டி ஒரு நூல் வெளியிட்டார். கிரேக்கமும் இலத்தீனும் ஆழக் கற்ற ஒருவரே தாய்மொழிக்காக வழக்காடினார் என்பது மனங்கொள்ளத்தக்கது. 1637இல் தெக்கார்த் தமது தத்துவ நூலொன்றைப் பிரெஞ்சில் எழுதினார். பழைய ஏடுகளை மட்டுமே நம்புவோரைவிட, இயல்பான பகுத்தறிவைப் பயன்படுத்துவோர் தமது கருத்தை நன்கு மதிப்பிடுவர் என்பது அவர் கூறிய காரணம்.

இவ்வளவு நிகழ்ந்த பின்னரும் பல்கலைக்கழகம் எளிதில் இணங்கவில்லை. மேனிலைக் கல்வியின் இறுதிப் பரீட்சையில் இலத்தீன் கட்டுரையின் இடத்தைப் பிரெஞ்சுக் கட்டுரை பெற்றது 1880இலேதான். இலக்கியத் துறையில் கலாநிதிப் பட்டம் பெற விரும்புவோர் இலத்தீனிலும் ஓர் ஆய்வேடு எழுதவேண்டும் என்ற விதி 1903 வரை நீடித்தது. சோஷலிசத் தலைவர் ஜான் ஜோரெஸ், ஜெர்மனிய சோஷலிசத்தின் தோற்றுவாயை ஆராய்ந்து 1892இல் சமர்ப்பித்த ஆய்வேடு இலத்தீனிலேயே அமைந்தது. தொழிலாளரின் விடுதலைத் தத்துவத்தைத் தொழிலாளர் எவரும் படிக்கவியலாத மொழியில் எழுத நேர்ந்தமை அக்காலக் கல்வியின் முரண்பாட்டைத் தெளிவுறக் காட்டுகிறது.

1870இல் பிரஷியாவுடன் தொடங்கிய போரிலே பிரான்ஸ் தோல்வியுற்றபின் எழுந்த மூன்றாம் குடியரசுக்கு, மன்னனையும் மதபீடத்தையும் சாராத ஒரு தேசியக் கல்வி தேவைப்பட்டது. பிரெஞ்சு இலக்கியம் பல்கலைக்கழகத்தில் முறையான ஆய்வுத் துறையாக வலுப்பெற்றது இச்சூழலிலேதான். 1894இல் பிரெஞ்சு இலக்கிய வரலாற்றை வெளியிட்ட குஸ்தாவ் லான்சோன் பின்னர் சொர்போனிலே பேராசிரியரானார். மேடைப்பேச்சுப் போன்ற நயவுரைக்கு மாறாக, மூலபாடத்தை ஊன்றிக் கற்பதையும் சான்றுகளை நிறுத்துப் பார்ப்பதையும் அவர் வற்புறுத்தினார். இலக்கியத்தைச் சமுதாயத்தோடு இணைத்து நோக்க வழிவகுத்தவர்களுள் அவரும் ஒருவர்.

எனினும், இவ்வெற்றிக்கு மறுபக்கமும் உண்டு. புரட்சிக் காலத்திலே, 1794இல், மதகுருவான கிரேகுவார் புரட்சிப் பேரவைக்கு ஓர் அறிக்கை சமர்ப்பித்தார். குறைந்தது அறுபது இலட்சம் மக்கள் பிரெஞ்சு அறியார் என்றும், அதனைச் செம்மையாகப் பேசுவோர் முப்பது இலட்சத்துக்கு மேற்படார் என்றும் அதில் அவர் கணக்கிட்டார். அவர் கண்ட தீர்வு, ஏனைய பேச்சுமொழிகளை ஒழித்துவிடுதல். 1881-82இல் ஜூல் ஃபெரி கொணர்ந்த இலவச, கட்டாயக் கல்வி ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியைத் திறந்தது. அதே பள்ளிகளில் பிரெத்தோன், ஒக்சித்தான் முதலிய தாய்மொழிகளைப் பேசிய சிறுவர் தண்டிக்கவும் பட்டனர்.

குடியேற்ற நாடுகளிலே இம்முரண்பாடு மேலும் கூர்மையுற்றது. 1909இல் நிறுவப்பட்ட அல்ஜியேர்ஸ் பல்கலைக்கழகத்தில், விடுதலைப் போர் தொடங்கிய 1954ஆம் ஆண்டளவில், மாணவர் பதின்மரில் ஏறக்குறைய ஒருவரே அல்ஜீரிய முஸ்லிம். நாட்டு மக்களிலோ பதின்மரில் ஒன்பதின்மர் அவர்களே. ஆயினும், ஆள்வோர் தந்த கல்வி ஆள்வோர் எண்ணியவாறே பயன்படவில்லை. செனகலிலிருந்து 1928இல் பாரிஸ் சென்ற செங்கோர் 1935இல் பிரெஞ்சு இலக்கணத்தில் உயர்தர ஆசிரியத் தகுதி பெற்றார். மார்த்தினிக் தீவினரான எமே செசேர் பாரிஸின் புகழ்பெற்ற உயர் ஆசிரிய கலாசாலையிற் பயின்றார். பிரெஞ்சுப் பேராசான்களிடம் கற்ற இவ்விருவருமே கறுப்பினத்தவரின் தன்மானக் குரலை அம்மொழியிலே எழுப்பினர். 1950இல் வெளிவந்த செசேரின் நூல், நாஜிகள் ஐரோப்பியருக்கு இழைத்த கொடுமையைக் குடியேற்ற ஆட்சியாளர் பிற மக்களுக்கு முன்னரே இழைத்துவந்தனர் என்று எடுத்துக்காட்டியது.

ஆனால் பட்டம் பெற்றவர் விடுதலையுற்றால் மக்கள் அனைவரும் விடுதலையுற்றவராகார். செங்கோர் தலைமையில் 1960இல் சுதந்திரம் எய்திய செனகலின் ஆட்சிமொழி பிரெஞ்சாகவே நிலைத்தது. பெரும்பான்மையோர் அறிந்த வொலோவ் மொழிக்கு அவ்விடம் கிட்டவில்லை. இவ்விடர்ப்பாட்டை உணர்ந்த அல்ஜீரிய எழுத்தாளர் கத்தேப் யாசின், 1956இல் பிரெஞ்சு நாவலால் பெரும்புகழ் பெற்றவராயிருந்தும், 1970களில் மக்கள் பேசும் அரபுமொழியில் நாடகங்களை ஆக்கித் தொழிலாளரிடமும் உழவரிடமும் கொண்டுசென்றார்.

இவ்வரலாறு நமக்கும் அந்நியமானதன்று. 1960ஆம் ஆண்டளவில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கலைத்துறையிலே தாய்மொழிவழிக் கல்வி தொடங்கியபோது, தரம் தாழ்ந்துவிடும் என்று கூறியோர் அன்றைய இலத்தீன் காவலரின் வழித்தோன்றல்களே. அதுபோலவே, ஆங்கிலத்தின் மேலாதிக்கத்தை எதிர்த்தெழுந்த மொழியுணர்ச்சி 1956இல் தனிச்சிங்களச் சட்டமாக முடிந்தமை, ஒடுக்கப்பட்ட மொழியே ஒடுக்கும் மொழியாக மாறக்கூடும் என்பதற்குச் சான்று. நாம் பிரெஞ்சையும் பயிலவேண்டும்; ஆங்கிலத்தையும் பயிலவேண்டும்; ஒருவர் மொழியை மற்றவர் பயிலவேண்டும். ஆனால் எம்மொழியைக் கற்கும்போதும், அதன் பெயரால் எவரெவர் கல்விக்கூடத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டனர் என்ற வினாவையும் உடன் எழுப்புதல் வேண்டும். அவ்வினாவை எழுப்பாத மொழிக்கல்வி அரைகுறைக் கல்வியேயாகும்.