அருவக்காட்டில் குப்பைக்கு முன்னால் இருந்தது

அருவக்காடு என்றால் இன்றைய பிள்ளைகளுக்குக் கொழும்புக் குப்பைதான் ஞாபகம் வருகிறது. வகுப்பில் கேட்டால் "சேர், அது குப்பை கொட்டும் இடம்" என்கிறார்கள். பெயரிலேயே காடு இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

சுமார் 2 கோடி வருடங்களுக்கு முன் அந்த இடம் கடலுக்கு அடியில் கிடந்தது. சிப்பியும் சங்கும் படிந்து இறுகித்தான் அங்குள்ள சுண்ணாம்புக்கல் உண்டானது. யாழ்ப்பாணத்தின் அடியில் இருப்பதும் இதே காலத்துக் கல்தான். அதற்கு மேல் செம்மண், செம்மண்ணுக்கு மேல் பாலையும் வீரையும் முதிரையும் நின்ற வறண்ட காடு. வடக்கே கலா ஓயா, அதைத் தாண்டினால் வில்பத்து. மேற்கே நமது களப்பு.

காங்கேசன்துறையில் 1950இல் சீமெந்து உற்பத்தி ஆரம்பித்தது. இருபது வருடமளவில் பாலாவியிலும் ஒரு தொழிற்சாலை எழுந்தது. அதற்குக் கல் கொடுத்தது அருவக்காடு. காட்டை வெட்டி, செம்மண்ணை அள்ளி, வெடி வைத்துக் கல்லை உடைத்து, ரயிலில் ஏற்றிப் புத்தளம் நகரத்தின் ஊடாகப் பாலாவிக்குக் கொண்டுபோனார்கள். 1990இல் யுத்தத்தால் காங்கேசன்துறை நின்றுபோனதோடு, கல்லிலிருந்து சீமெந்து வரை முழு வேலையும் நடக்கும் தொழிற்சாலையாக நாட்டில் மிஞ்சியது நம்முடையது ஒன்றுதான். 1993இல் அது தனியார் கைக்குப் போனது. பிறகு ஹொல்சிம், 2016 முதல் தாய்லாந்துக் கம்பனி. முதலாளிமார் மாறினார்கள், குழி மட்டும் அகன்றுகொண்டே போனது.

பலருக்குத் தெரியாத பகுதி இனித்தான். கல் எடுத்து முடிந்த குழிகளில் ஒரு பகுதியை மறுபடி காடாக்கும் வேலை அங்கே நடந்தது. ஹொல்சிம் காலத்தில் ஐ.யு.சி.என். என்ற சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் இதில் சேர்ந்தது. ஒதுக்கி வைத்த செம்மண்ணைத் திரும்பக் குழியில் பரப்பி, அந்தக் காட்டுக்கே உரிய மரக்கன்றுகளை நட்டார்கள். கம்பனி தன் பெயருக்காகச் செய்தது என்று சொல்வோர் உண்டு. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் மரத்துக்கு அது தெரியாது, அது தன் பாட்டில் வளரும்.

கல் தோண்டிய குழியில் காடு வருமா என்று சந்தேகப்படுவோர் கென்யாவின் மொம்பாசாவைப் பார்க்கலாம். அங்கே பம்புரி சீமெந்துக் கம்பனியின் குழி வெறும் பவளப்பாறைத் தரையாகக் கிடந்தது. 1971இல் ரெனே ஹாலர் என்பவர் 26 வகை மரங்களை நட்டுப் பார்த்தார். மூன்றே வகை தப்பின, அதில் ஒன்று நம் கடற்கரையிலும் நிற்கும் சவுக்கு. உதிர்ந்த சவுக்கு இலை உக்காமல் கிடந்தபோது மரவட்டைகளைக் கொண்டுவந்து விட்டார். அவை தின்று கழித்ததே மண்ணானது. இன்று அது ஹாலர் பூங்கா, நீர்யானையும் ஒட்டகச்சிவிங்கியும் உலாவும் இடம்.

நமக்குக் கிடைத்தது வேறு. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 32 பேர் மண்ணோடு போனார்கள். அந்த மரணங்கள் கொடியவை, அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் அதன் பிறகு 170 கிலோமீட்டர் தாண்டிக் குப்பையைக் கொண்டுவர அருவக்காட்டுத் திட்டம் வேகமெடுத்தது. சொல்லப்பட்ட நியாயம், அங்கே பாவிக்காத குழிகள் இருக்கின்றன என்பது. ஏற்கெனவே சீமெந்துத் தூசியும் நுரைச்சோலை நிலக்கரிச் சாம்பலும் சுமந்த மாவட்டம் இது. 2018, 2019இல் கடையடைப்பும் சத்தியாக்கிரகமுமாக, இனம் மதம் பாராமல் சனம் வீதிக்கு இறங்கியது. பெண்கள் கைக்குழந்தையோடு வந்து இருந்தார்கள். அப்படியிருந்தும் 2019இல் முதல் குப்பை வந்து சேர்ந்தது.

அந்தப் போராட்டத்தில் நாம் களப்பைப் பேசினோம், மீனைப் பேசினோம், நோயைப் பேசினோம். எல்லாம் சரி. அந்தக் குழி வெறுங்குழி அல்ல, பக்கத்துக் குழியில் காடு எழும்பிக்கொண்டிருக்கிறது என்று போதுமான அளவு பேசவில்லை என்பது என் அபிப்பிராயம். வெறும் நிலம் என்று ஒருமுறை பெயர் விழுந்தால், அதில் எதைக் கொட்டினாலும் கேட்க ஆளில்லை.

ஒரு வேண்டுகோள். கல் ரயிலிலும் குழியிலும் வேலை செய்த வாப்பாமார், அப்பாமார் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். வெட்டுவதற்கு முந்திய அருவக்காட்டைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள்தான். என்னென்ன மரம் நின்றது, எந்தத் திசையில் யானை வந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். பழைய படங்கள் இருந்தால் எனக்கும் அனுப்புங்கள், பிள்ளைகளின் வரலாற்றுச் செயற்றிட்டத்துக்கு வேண்டும்.